லைன் இல்லையா? முதலில் மேசைக்கு அடியில் பாருங்கள்!

மாதம் 15-ஆம் தேதி. போன மாதத்து இ.பி.எஃப்., சொக்சோ சந்தாவைச் செலுத்தக் கடைசி நாள். ஈப்போவில் கடைவீட்டு மாடியில் இயங்கும் ஒரு சின்ன அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் கணக்கர் மேசையில் மட்டும் லைன் இல்லை. தவறினால் தாமதக் கட்டணம்.

உடனே இணைய நிறுவனத்திற்குப் போன் போடத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். பக்கத்து மேசையில் லைன் இருக்கிறதா? இருந்தால், கோளாறு பெரும்பாலும் உங்கள் அலுவலகத்திற்குள்தான். அருகிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாகத் தள்ளிப் போய்ப் பாருங்கள்.

முதலில் விளக்கு. கணினிக் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் சிறு பெட்டிக்குத்தான் சுவிட்ச் என்று பெயர். எந்தக் கணினி எந்தத் துளையில் இருக்கிறது என்று அது தெரிந்துவைத்துக்கொண்டு, உரியவருக்கு மட்டும் தகவலை அனுப்பும். கணக்கரின் கம்பி செருகிய துளையில் விளக்கு எரியவில்லையா? கம்பியை வேறு துளையில் செருகுங்கள். எரிந்தால் பழைய துளை கெட்டுவிட்டது. எரியாவிட்டால் நன்றாக இருக்கும் வேறு கம்பியைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது முகவரி. விண்டோஸ் கட்டளைத் திரையில் 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். அந்தக் காலத் தோட்டத்தில் விடியற்காலை பெரட்டில் பேர் கூப்பிட்டு நிரை கொடுப்பார்களே, அதுபோல ரவுட்டர் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. எண் 169.254 என்று தொடங்கினால், பெரட்டில் யாரும் பதில் சொல்லாததால் கணினி தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். பக்கத்து மேசை 192.168.0 என்றும் உங்களுடையது 192.168.1 என்றும் இருந்தால், யாரோ வீட்டு வைஃபை பெட்டியைக் கொண்டுவந்து செருகியிருக்கலாம். இரண்டு கிராணிகள் ஒரே களத்தில் பேர் கூப்பிட்ட கதைதான்!

எண் சரியாக இருந்தால், ரவுட்டரின் முகவரியை 'பிங்' செய்யுங்கள். பிறகு 8.8.8.8. ரவுட்டர் பதில் சொல்லி, வெளியே பதில் இல்லையென்றால் மட்டும் இணைய நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். இரண்டும் பதில் சொல்லியும் இணையத்தளம் திறக்கவில்லையென்றால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பைப் பாருங்கள்.

மொத்த அலுவலகமும் ஸ்தம்பித்து, சுவிட்ச் விளக்குகள் எல்லாம் வெறிபிடித்தாற்போல் மின்னினால்? தொங்கிக்கொண்டிருந்த கம்பி முனையை யாரோ அதே சுவிட்சில் செருகியிருக்கலாம். தகவல் வட்டமடித்துப் பெருகி, வழியையே அடைத்துவிடும். கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் குற்றவாளி சிக்கும். இதைத் தடுக்கும் முறையை 1985-இல் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி உருவாக்கினார். மலிவு விலைப் பெட்டிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. இதைச் சிறிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் மருத்துவமனை இத்தகைய சுழற்சிக் கோளாறால் நாட்கணக்கில் தடுமாறி, காகிதத்திற்கே திரும்ப வேண்டியதாயிற்று.

சுங்கை சிப்புட் போன்ற பழைய தோட்டப்புறங்களில் இன்னொரு சிக்கல். கட்டடத்திற்குக் கட்டடம் தூரம். சாதாரணச் செம்புக் கம்பி 100 மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதல்ல. அதோடு, சாயங்கால இடி மின்னல் வெளியே ஓடும் கம்பி வழியாகவே உள்ளே வந்து துளைகளைச் சுட்டுவிடும். அங்கே கட்டடங்களுக்கு இடையில் உலோகம் கலக்காத கண்ணாடியிழைக் கம்பி போடுவதே நல்லது. தூரமும் போகும், மின்சாரத்தையும் கடத்தாது.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். எந்தக் கம்பி எந்த மேசைக்குப் போகிறது என்று ஒரு தாளில் எழுதி, சுவிட்சின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த 15-ஆம் தேதி அந்தத் தாள் கைகொடுக்கும்.