புரோகிராமுக்குப் பேடண்ட் கிடைக்குமா?

எங்க ஊர் மஞ்சூர். பச்சைத் தேயிலையை எடை போட்டு, சீட்டும் அடித்து, விவசாயியின் செல்போனுக்குத் தகவல் அனுப்பும் பெட்டிதான் எங்கள் ப்ராஜெக்ட். "பேடண்ட் வாங்கிடலாம் மாப்ளே" என்கிறான் கூட்டாளி. முடியுமா?

நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவுப்படி, 'தன்னளவில்' வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குக் காப்புரிமை கிடையாது, பதிப்புரிமைதான். அது நாம் எழுதிய வரிகளைக் காக்கும். அதே வேலையை இன்னொருத்தர் சொந்தமா வேற மாதிரி எழுதினா ஒண்ணும் கேக்க முடியாது.

'தன்னளவில்' என்ற சொல்லில்தான் நமக்கு வழி இருக்கு. ஃபெரித் அல்லானி வழக்கில் 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்பப் பலன் தரும் கண்டுபிடிப்பு புரோகிராமை நம்பியிருந்தாலும் காப்புரிமை பெறலாம் என்றது. சீட்டு அடிப்பது பழைய சங்கதி. ஆடும் தராசிலும் சரியான எடையைப் பிடிக்கப் புது வழி கண்டால், கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரிக் கண்காட்சியில் எல்லாத்தையும் விளக்கிட்டா, புதுமை போச்சு! இந்த மலரில் அச்சடித்தாலும் அதே கதிதான். (சர்க்யூட் படம் இங்கே இல்லாததன் ரகசியம் இதுவே.) முதலில் சென்னை கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யணும். முழு விவரம் கொடுக்க 12 மாத அவகாசம் உண்டு. கண்காட்சி அதுக்கப்புறம்தான்.