நியூவார்க் எந்த நியூவார்க்?

ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் நியூவார்க் அவென்யூ. 'இந்தியா ஸ்கொயர்' என்று பேர் வாங்கிய பகுதி. அங்கே ஒருவர் டிபன் கடை போட்டு, வெப்சைட்டும் ஆரம்பிக்கிறார் என்று வையுங்கள். கூகுளில் தேடுபவர் கண்ணில் படட்டும் என்று 'இந்தியன் ரெஸ்டாரன்ட், நியூவார்க்' எனத் தலைப்புக் கொடுத்தால் கெட்டது காரியம். நியூவார்க் என்பது பக்கத்திலேயே இருக்கும் வேறொரு பெரிய ஊர். போதாததற்கு, கலிபோர்னியாவிலும் டெலவேரிலும் அதே பெயரில் ஊர்கள் உண்டு.

நாம் கேட்ட பிறகு கூகுள் உலகத்துப் பக்கங்களையெல்லாம் புரட்டிக்கொண்டிருப்பதில்லை. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று, புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி, முன்பே எழுதி வைத்திருக்கிறது. 'ரெஸ்டாரன்ட்' என்பதற்கு எதிரே கோடிக்கணக்கான பக்கங்கள். 'ரவா தோசை'க்கு அதைவிடக் குறைவு. கூடவே 'ஜர்னல் ஸ்கொயர்' சேர்ந்தால் போட்டிக்கு ஆளே சொற்பம். அரிதாக வரும் சொல்லுக்குத்தான் அதிக எடை தரவேண்டும் என்பதை கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-லேயே எழுதிவிட்டார். கூகுள் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முந்தைய சங்கதி.

(ஜர்னல் ஸ்கொயருக்குப் பெயர் தந்த 'ஜெர்சி ஜர்னல்' பத்திரிகை 2025-ல் நின்றுபோனது. பெயர் மட்டும் தேடலில் இன்னும் உழைக்கிறது.)

தேடுசொல்லை ரொம்பவும் குறுக்கினாலும் ஆபத்து: யாருமே தேடாத சொல்லில் முதலிடம் பிடித்து என்ன பயன்? வாடிக்கையாளர் போனில் கேட்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். குஜராத்திகள் நிறைந்த அந்தத் தெருவில் 'வெங்காயம், பூண்டு இல்லாத ஜெயின் தோசை கிடைக்குமா?' என்று கேட்டால், அதுவே நல்ல தேடுசொல். கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்தால், எந்தச் சொல்லைத் தேடியபோது நம் பக்கம் கண்ணில் பட்டது என்பதும் தெரியும்.

சொல் மட்டும் போதாது. உள்ளூர்க் கடை என்றால் தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடையின் பிரபலம் இரண்டையும் கூகுள் சேர்த்தே பார்க்கிறது. பக்கத்தின் மறைவில் கீவேர்டு பட்டியல் போடும் பழைய வித்தையைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009-லேயே சொல்லிவிட்டது. இன்னும் அதற்குக் காசு கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் காசில் மெனுவை டைப் அடிக்கச் சொல்லலாம். பல கடைகளின் வெப்சைட்டில் அது வெறும் போட்டோவாகவே தொங்குகிறது.