கத்தி படும் முன்னும் பின்னும்

கோடை பிறந்ததும் நம் ஊர்ச் சாலையோரங்களில் தர்ப்பூசணிக் குவியல்கள் எழுந்துவிடுகின்றன. திண்டிவனம், மரக்காணம் பகுதிகளில் விளைந்த பழங்கள் லாரிகளில் வந்து இறங்குகின்றன. கிர்ணிப்பழம் என்று சிலர் அழைக்கும் முலாம்பழமும் உடன் வருகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் பெரிய பழம் ஒன்றைப் பேரம் பேசி வாங்குவது பல குடும்பங்களின் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஞாயிறு ஒன்றில் நாங்களும் எட்டுக் கிலோ எடையுள்ள பழம் ஒன்றை வாங்கினோம். நண்பகலில் பாதியை உண்டு, மீதியைத் தட்டால் மூடி மேசைமேல் வைத்தோம். இரவில் பிள்ளைகள் இருவரும் அதை உண்டனர். விடியுமுன் இருவருக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. "பழம் கெட்டிருந்தால் நாற்றம் காட்டிக் கொடுத்திருக்குமே" என்று பாட்டி வியந்தார். "கிருமி பெருகிய பழம் மணத்திலும் சுவையிலும் மாறாமலே இருக்கலாம், அம்மா" என்றார் மருத்துவர். அன்று நாங்கள் கற்ற பாடத்தை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதலில் முழுப் பழத்தைக் காண்போம். வாங்கியவுடன் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே நல்லது எனப் பலர் எண்ணுகின்றனர். தர்ப்பூசணிக்கு ஏற்ற வெப்பநிலை 10 முதல் 15 டிகிரி செல்சியஸ். நம் பெட்டிகளிலோ ஏறத்தாழ 4 டிகிரி குளிர் நிலவுகிறது. அதில் பல நாள் கிடந்தால் தோலில் குழிகள் விழும். சதையின் நிறமும் சுவையும் குன்றும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு வேறோர் உண்மையையும் உணர்த்தியது. 21 டிகிரி வெப்பத்தில் இரு வாரம் இருந்த பழங்களில், செந்நிறம் தரும் லைக்கோபீன் என்னும் சத்து குறையவில்லை, மாறாகக் கூடியிருந்தது.

எனவே, முழுத் தர்ப்பூசணியை வெயில் படாத, காற்றோட்டமுள்ள மூலையில், வைக்கோல் அல்லது உலர்ந்த சாக்கின்மேல் வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். வாழை, மாம்பழம், முலாம்பழம் ஆகியவற்றின் அருகிலும் வேண்டாம். அவை வெளியிடும் எத்திலீன் என்னும் வாயு தர்ப்பூசணியின் சதையைக் கொழகொழப்பாக்கிவிடும். நம் கோடை வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுவதே நன்று. பறித்தபின் தர்ப்பூசணி இனிப்பு ஏறுவதில்லை என்பதால், தரையில் படிந்த இடம் நன்கு மஞ்சளித்த பழத்தையே தேர்ந்தெடுங்கள். முலாம்பழமோ வீட்டிலிருந்தே மென்மையுறும். மணம் கமழும் வரை வெளியே வைத்துப் பின்னர்க் குளிரில் வைக்கலாம்.

இனிக் கத்தி பட்ட பழம். எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் புளிப்பு கிருமிகளைத் தடுக்கிறது. தர்ப்பூசணியிலும் முலாம்பழத்திலும் அத்தகைய புளிப்பு இல்லை; நீரும் இனிப்பும் நிறைந்த அச்சதை கிருமிகளுக்கு விருந்து. மண்ணில் கிடந்த தோலிலிருந்து அவற்றை உள்ளே கொண்டு செல்வது நம் கத்தியே! ஆதலால், அறுக்குமுன் பழத்தை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். வலைபோன்ற தோலுடைய முலாம்பழத்தைத் தூரிகையால் தேய்ப்பது இன்றியமையாதது. கத்தியும் பலகையும் மீனோ இறைச்சியோ நறுக்கியவையாயின், சோப்பிட்டுக் கழுவியபின்னரே பயன்படுத்துங்கள்.

அறுத்த பழம் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே இருத்தலாகாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாள்களில் ஒரு மணி நேரமே எல்லை. மூடியிட்ட பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நாள்களுக்குள் உண்டு முடியுங்கள். குளிர் கிருமிகளின் பெருக்கத்தைத் தாமதப்படுத்துமேயன்றி அவற்றைக் கொல்வதில்லை. லிஸ்டீரியா என்னும் கிருமி குளிரிலும் மெல்ல வளரும். 2011-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் விளைந்த முலாம்பழங்கள் வழியாக இக்கிருமி பரவி 33 பேர் மாண்டனர். கருவுற்ற தாய்மாரும் முதியோரும் உள்ள இல்லங்களில் இரட்டிப்புக் கவனம் தேவை.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத இல்லத்தார் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரே வேளையில் உண்டு முடிக்கத்தக்க சிறு பழத்தை வாங்குங்கள். அதை அறுக்காமலே ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்தால் இனிய குளிர்ச்சி பெறும். பெரிய பழமே கிடைத்ததாயின், அறுத்தவுடன் பாதியை அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். எங்கள் இல்லத்தில் இப்போது அதுவே வழக்கம். மேசைமேல் மீதம் கிடப்பதில்லை. அடுத்த வாரம் அவர்கள் வீட்டுப் பழத்தின் பாதி எங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறது.