புற்றுநோய் வேஷத்தில் பல் கிருமி!
நெஞ்சில் கட்டி, பென்சிலினில் கரைகிறது

விடாத இருமல். சளியில் ரத்தம். உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. எக்ஸ்ரே எடுத்தால், நுரையீரலில் கட்டி! "புற்றுநோய்தான்" என்று வீடே அழ ஆரம்பித்துவிடும்.

அபூர்வமாக, அது "ஆக்டினோமைசிஸ்" கிருமியின் வேலையாக இருக்கும். வாயிலேயே குடியிருக்கும் கிருமி இது. சொத்தைப்பல், ஈறு நோய் உள்ளவர்களுக்கு எச்சிலோடு நுரையீரலுக்குள் நழுவிவிடும். அங்கே மெதுவாகக் கட்டியாகும். முற்றினால் மார்பைத் துளைத்துச் சீழ் வடியும். அடுத்தவருக்கு ஒட்டாது.

துப்பு எங்கே?

எக்ஸ்ரே, ஸ்கேன் மட்டும் போதாது. கட்டியிலிருந்து சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். அதில் தெரியும் மஞ்சள் குருணைதான் முக்கியத் துப்பு. புற்றுநோய் என்று நினைத்து நுரையீரலை வெட்டி எடுத்த பிறகு குட்டு வெளிப்பட்டதும் உண்டு!

மருந்து பென்சிலின். வழக்கமாக 2 முதல் 6 வாரம் ஊசி. பிறகு 6 முதல் 12 மாதம் மாத்திரை. "சரியாகிவிட்டதே" என்று பாதியில் விட்டால் நோய் திரும்பிவிடும்.