விமானப் பயணத்தில் தூரமும் நேரமும்





மண்முனைத் துறையில் நின்று பார்த்தால் வாவியின் எதிர்க்கரை கண்ணுக்கு எட்டும் தூரந்தான். ஆயினும் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, கொக்கட்டிச்சோலைக்குச் செல்வோர் 'பாதை' எனப்படும் மிதவைப் படகுக்காகத் துறையிலே காத்திருந்தனர். தூரம் சிறிது, நேரமோ பெரிது. தூரத்தை மட்டும் அறிந்தவர் பயணத்தை அறிந்தவராக மாட்டார் என்பதை இவ்வாவியே நமக்குக் கற்றுத் தந்துள்ளது. உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் புறப்படுவோர் இப்பாடத்தை மறத்தலாகாது.

மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 205 கிலோமீற்றர். வீதியோ வளைந்து சென்று ஏறத்தாழ 300 கிலோமீற்றர் ஆகிவிடுகின்றது. பேருந்தில் ஆறேழு மணித்தியாலங்கள் செல்லும். கட்டுநாயக்காவிலிருந்து ஜித்தா ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர். மணிக்கு 850 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் விமானம், ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் சேர்த்து, சுமார் ஆறு மணித்தியாலங்களில் அங்கு சேர்கின்றது. இருபது மடங்குக்கும் அதிகமான தூரம். நேரமோ ஏறக்குறைய ஒன்றே!

இனி, கடிகாரத்தைக் கவனியுங்கள். சவூதி நேரம் நமது நேரத்திற்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. உதாரணமாக, காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் ஆறு மணித்தியாலம் பறந்து இறங்கும்போது இங்கு மாலை 4 மணி. அங்கோ பிற்பகல் 1.30 மணி. பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே குறிக்கப்படும். ஆகவே சீட்டைப் பார்ப்பவர் மூன்றரை மணித்தியாலப் பயணம் என எண்ணுவார். திரும்பி வரும்போது காலை 10 மணிக்குப் புறப்பட்டால், இங்கே மாலை 6.30 ஆகிவிடும்.

இதனால் என்ன கேடு என நீங்கள் கேட்கலாம். இஹ்ராமுக்குரிய எல்லையாகிய மீக்காத், ஜித்தாவில் இறங்குவதற்கு முன்னரே, வானிலேயே கடந்து செல்லப்படுகின்றது. விமானத் திரையில் சவூதி நேரம் 12.30 எனக் காட்டும்போது, "நான்கு மணிக்குத்தானே இறங்குவோம்" என்று கண்ணயர்பவரின் நிலையைச் சிந்தியுங்கள். நிமிடத்திற்குப் பத்துக் கிலோமீற்றருக்கும் அதிகமாக விரையும் விமானம் அவருக்காகத் தாமதிக்காது. நிய்யத்தின்றி எல்லையைத் தாண்டி, அங்கு திரும்பிச் செல்லாமல் இஹ்ராமில் நுழைபவர் பரிகாரமாக ஓர் ஆட்டை அறுத்துப் பலியிட வேண்டும் என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு.

ஆகவே ஆண்கள் இஹ்ராம் உடையை விமானம் ஏறுமுன்பே அணிந்துகொள்வது நலம். உடை அணிவது மட்டும் இஹ்ராம் ஆகாது. மீக்காத் நெருங்குவதாக அறிவிப்பு வந்ததும் ஆண்களும் பெண்களும் நிய்யத் வைத்துத் தல்பியாவை ஓதுதல் வேண்டும். இளைஞர்களே! முதிய உம்மா, வாப்பாவை அனுப்புமுன் அவர்களுடன் அமர்ந்து, இவ்விரு ஊர்களின் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அருகில் இருப்பவரிடம் எழுப்பிவிடச் சொல்லுமாறும் கூறுங்கள். தொழுகைக்கும் நோன்புக்கும் ஊர்க் கடிகாரம் அளவன்று. நீங்கள் இருக்கும் இடத்துச் சூரியனே அளவு என்பதையும் நினைவூட்டுங்கள்.

அல்லாஹ் நம் பயணங்களை இலகுவாக்கி, வணக்கங்களை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.