பழைய காருக்கு வரும் காய்ச்சல்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் விடுமுறையைக் கழிக்க நுவரெலியாவுக்குப் புறப்படுகின்றது. வண்டி, பாட்டனார் காலத்து மொறிஸ் மைனர். ஆனையிறவு, வவுனியா, தம்புள்ளை ஆகிய இடங்களைக் கடக்கும் வரை அது யாதொரு குறையுமின்றி ஓடுகின்றது. மாத்தளையில் தேநீர் அருந்தி, கண்டியைத் தாண்டி, கம்பளைக்கு அப்பால் மலைப் பாதையில் ஏறத் தொடங்கியதும், சாரதியின் மூக்கில் இதுவரை அறியாத ஒரு மணம் படுகின்றது. இறம்பொடை வளைவுகளை அடையும்பொழுது பொனற்றின் இடுக்குகளினூடாக வெண்ணிற ஆவி கிளம்புகின்றது. வண்டி ஓரமாக நிறுத்தப்படுகின்றது. ஒருவர் பக்கத்துப் பீலிக்கு ஓடி ஒரு வாளி குளிர்ந்த நீர் கொண்டு வருகின்றார். சாரதி றேடியேற்றர் மூடியின்மேல் கை வைக்கின்றார்.

அந்தக் கணம் மிகவும் ஆபத்தானது. மூடியைத் திறந்தால் அவருடைய முகமும் கையும் வெந்துபோகலாம். வாளி நீரை அப்படியே ஊற்றினால் எஞ்சினின் வார்ப்பிரும்பு வெடித்துப் போகலாம். “வண்டி சூடேறிவிட்டது, தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்” என்ற எண்ணமே இவ்விரு விபத்துக்களுக்கும் வித்தாகும். காய்ச்சல் தனியொரு நோயன்று, நோயின் அறிகுறி என்பர் வைத்தியர். எஞ்சினின் சூடும் அத்தகையதே. வண்டி எப்பொழுது சூடேறுகின்றது, அதன் நீர் எங்கே போகின்றது என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை காண்பவர், பெரும்பாலும் நோயின் மூலத்தையும் கண்டுவிடுவார்.

பெற்றோல் எரியும்பொழுது சிலிண்டரினுள் வாயுவின் வெப்பநிலை 2,000 பாகை செல்சியசுக்கும் மேலே எழுகின்றது. பிஸ்ரன் செய்யப்பட்டுள்ள அலுமினியமோ 660 பாகையிலேயே உருகும் இயல்புடையது. பெற்றோலில் உள்ள சக்தியில் ஏறத்தாழ நாலிலொரு பங்கே இத்தகைய பழைய எஞ்சினில் வேலையாக மாறுகின்றது. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாகிப் புகைக்குழாய் வழியாகவும், குளிராக்கும் நீர் வழியாகவும் வெளியேறவேண்டும். நீர் தன் கடமையில் சற்றே தவறினாலும் எஞ்சின் தன் வெப்பத்தால் தானே அழியும்.

1948ஆம் ஆண்டில் வெளிவந்த முதலாவது மொறிஸ் மைனரில் தண்ணீர்ப் பம்பு இருக்கவில்லை. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை விதியே நீரைச் சுற்றிவரச் செய்தது. பின்னர் பம்பு வந்து சேர்ந்தது. 1956இல் வந்த 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினிலும், 1962இல் வந்த 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினிலும் பம்பு நீரைச் சிலிண்டர்களைச் சுற்றித் தள்ளுகின்றது. சூடேறிய நீர் சிலிண்டர்த் தலையின் முன்புறத்தில் உள்ள தேர்மோஸ்ரற் என்னும் வாயில் காப்போனைக் கடந்து, மேற்குழாய் வழியாக றேடியேற்றரை அடைகின்றது. அங்கே நுண்ணிய குழாய்களினூடாகக் கீழிறங்கி, காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்து, கீழ்க்குழாய் வழியாகப் பம்புக்கே மீள்கின்றது. இந்தச் சுற்றில் உள்ள நீர் ஏறத்தாழ 5 லீற்றர் மட்டுமே.

மூடியின் தொழிலையும் அறிந்திருத்தல் வேண்டும். கடல் மட்டத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கின்றது. நுவரெலியாவின் உயரத்தில் அது ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கும் ஒரு மூடி, கடல் மட்டத்தில் கொதிநிலையை ஏறத்தாழ 111 பாகைக்கு உயர்த்துகின்றது. இறப்பர் வளையம் தேய்ந்த மூடியினால் இப்பயன் கிட்டாது. பல நாள் வருத்திய கோளாறு, விலை குறைந்த ஒரு புதிய மூடியினால் தீர்வதும் உண்டு. அமுக்கத்தின் காவலில் இருக்கும் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாமல் நிற்கும். மூடி திறக்கப்பட்ட மறுகணமே அது பொங்கி, ஆவியாகிச் சீறும். சூடான றேடியேற்றரைத் திறக்கலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

இனி, நீர் எங்கே போகின்றது என்னும் வினாவைப் பார்க்கலாம். முதலில் ஒரு வீண் அச்சத்தை நீக்கவேண்டும். பழைய வண்டிகளில் மேலதிக நீரைச் சேர்த்து வைக்கும் தனிப் போத்தல் இல்லை. கழுத்துவரை நீரை நிரப்பினால், சூட்டில் விரிவடைந்த நீர் வழிகுழாயினூடாக நிலத்தில் வடியும். அது ஒழுக்கன்று. உள்ளே தெரியும் குழாய்களின் வாய் மூழ்கி, அதற்குமேல் ஓர் அங்குலம் நின்றாலே போதுமானது. மறுநாளும் அதே மட்டம் நிற்குமாயின் வண்டிக்குக் குறையில்லை.

மட்டம் நாள்தோறும் இறங்குமாயின் தேடல் தொடங்கவேண்டும். இரவில் வண்டியின் கீழ் ஒரு பழைய கடதாசியை விரித்து வைத்தால், காலையில் ஈரம் விழுந்த இடம் வழிகாட்டும். பம்பின் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. அதன்வழி நீர் கசிந்தால் பம்பின் உள்ளடைப்புத் தேய்ந்துவிட்டது என்பது பொருள். அத்துவாரத்தைச் சவர்க்காரத்தால் அடைப்பது அறியாமை. பம்பையும் சிலிண்டர்த் தலையையும் இணைக்கும் குட்டையான றப்பர்க் குழாய் ஒன்று உண்டு. கண்ணில் எளிதிற் படாத அக்குழாய் வெடித்து நடுவழியில் நிறுத்திய மைனர் வண்டிகள் பல. றேடியேற்றரின் பற்றுக்களில் பச்சை அல்லது வெள்ளைக் கறை படிந்திருந்தால், நீர் அவ்விடத்தில் ஒழுகி உலர்ந்துள்ளது எனக் கொள்ளலாம்.

வெளியே ஈரமின்றி நீர் குறைவதே கவலைக்குரியது. அப்பொழுது ஐயம் ஹெட் காஸ்கற் மீது செல்லவேண்டும். குளிர்ந்த எஞ்சினின் மூடியைக் கழற்றி, பின்பு அதனை இயக்கிப் பார்க்கும்பொழுது றேடியேற்றர் நீரில் இடைவிடாது குமிழிகள் எழுமாயின், சிலிண்டரின் வாயு நீரினுள் புகுகின்றது எனலாம். எஞ்சின் சூடேறிய பின்னரும் புகைக்குழாயில் வெண்ணிற ஆவி நில்லாது வருதலும், எண்ணெய் பாலாடைபோல் வெளுத்துக் குழைதலும் அதற்குத் துணைச் சான்றுகள். குறுகிய தூரமே ஓடும் வண்டியில், எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் சிறிது வெண்மை படிவதுண்டு. அதனைக் கண்டு எஞ்சினைப் பிரித்தல் வேண்டாம்.

அடுத்த வினா, எப்பொழுது சூடேறுகின்றது என்பது. வண்டி நெரிசலில் நிற்கும்பொழுது சூடேறி, வெளிவீதியில் ஓடும்பொழுது குளிருமாயின், குறை காற்றோட்டத்தில் உள்ளது. ஓடும் வண்டிக்குக் காற்று தானே வருகின்றது. நிற்கும் வண்டிக்கு விசிறியே துணை. தளர்ந்த விசிறிப் பட்டியையும், பூச்சிகளும் புழுதியும் அடைத்த றேடியேற்றர் முகப்பையும் அங்கே தேடவேண்டும். மைனரில் அதே பட்டிதான் பம்பையும் டைனமோவையும் சுழற்றுகின்றது. ஆகையால் ஓடும்பொழுது சிவப்பு விளக்கு ஒளிர, உடனே சூடும் ஏறினால், பட்டி அறுந்தது என்று இறங்கிப் பாராமலே சொல்லலாம்.

புறப்பட்டுச் சில நிமிடங்களுக்குள் எஞ்சின் கொதித்தும் மேற்குழாய் குளிராகவே இருந்தால், தேர்மோஸ்ரற் திறவாமல் இறுகிவிட்டது என்ற ஐயம் எழும். அதனை வெளியே எடுத்து, நீர் நிறைந்த பாத்திரத்தில் நூலில் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்கினால் உண்மை தெரியும். 82 பாகை என்று பொறிக்கப்பட்டது அவ்வெப்பநிலையை அண்டித் திறக்கத் தொடங்கவேண்டும். “வெப்ப நாட்டுக்கு இது எதற்கு” என்று அதனை எறிந்துவிடும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. அது தவறானது. எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்தால் பெற்றோல் முற்றாக எரியாமல் சிலிண்டர்ச் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவித் தேய்மானத்தை உண்டாக்கும். 1990களில் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் செல்லாதிருந்த காலத்தில், பழைய மைனர்களும் ஒஸ்ரின் ஏ-40 வண்டிகளும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலினால் இயக்கி, எஞ்சின் சூடேறிய பின்னரே சாரதிகள் மண்ணெண்ணெய்க்கு மாறினர். சூடு எஞ்சினுக்குப் பகையன்று, அளவு கடந்த சூடே பகை என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தனர்.

சமவெளியில் நன்றாக ஓடும் வண்டி ஏற்றத்தில் மட்டும் கொதிப்பது மூன்றாவது வகை. இறம்பொடையில் நின்ற வண்டி இவ்வகையைச் சேர்ந்தது. ஏற்றத்தில் எஞ்சின் முழு வலுவுடன் உழைக்கின்றது. வண்டியோ மெல்ல ஊர்வதால் காற்றுக் குறைவு. அரைவாசி அடைபட்ட றேடியேற்றர் யாழ்ப்பாணத்துச் சமதரையில் தன் குறையை மறைத்துக்கொள்ளும். மலையில் மறைக்க இயலாது. தீப்பொறி பிந்தி எழுதலும், பிறேக் இறுகிப் பிடித்தலும், உறிஞ்சலால் ஒட்டிப்போகும் நலிந்த கீழ்க்குழாயும் இவ்வாறான சூட்டை உண்டாக்கும். எனினும் குடாநாட்டு வண்டியில் முதல் ஐயம் றேடியேற்றர் மீதே செல்லவேண்டும்.

அதற்குக் காரணம் கிணற்று நீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மீது அமைந்தது. அக்கல்லினூடாக ஊறிவரும் நீரில் கல்சியம் மிகுந்திருக்கும். கேத்தலின் அடியில் வெண்ணிறமாகப் படியும் அதே படிவு, ஆண்டாண்டாக ஊற்றப்படும் கிணற்று நீரிலிருந்து றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படிகின்றது. கரையோரக் கிணறுகளின் உவர் நீர் உலோகத்தையும் அரிக்கின்றது. ஒழுகும் றேடியேற்றருக்கு நாள்தோறும் கிணற்று நீர் ஊற்றுபவர், நாள்தோறும் புதிய சுண்ணாம்பையும் ஊற்றுகின்றார். ஒழுக்கை அடைக்காது நீரை மட்டும் நிரப்பும் வழக்கம், ஒரு சிறு நோயை இரண்டாக்கிவிடுகின்றது.

அடைப்பை அறிய எளிய வழி உண்டு. எஞ்சின் நன்கு சூடேறிய பின் அதனை நிறுத்தி, விசிறி நின்றதும் றேடியேற்றரின் முகப்பைக் கையால் அவதானமாகத் தடவிப் பார்க்கவேண்டும். மேலிருந்து கீழாகச் சூடு சீராகக் குறைந்து செல்வது நலம். இடையிடையே குளிர்ந்த திட்டுக்கள் தட்டுப்பட்டால் அவ்விடத்துக் குழாய்களில் நீர் ஓடவில்லை. றேடியேற்றரைக் கழற்றித் தலைகீழாக்கி, கீழ்வாயினூடாக நீரைப் பாய்ச்சிக் கழுவவேண்டும். அதற்கும் அசையாத படிவாயின், பித்தளை வேலை அறிந்தவரிடம் கொடுத்து உட்குழாய்களைத் துப்புரவு செய்விக்கலாம், அல்லது மாற்றலாம். சிலிண்டர்களைச் சுற்றியும் துருச் சேறு தேங்கும். எஞ்சினின் வடிகுழாயைத் திறந்தும் நீர் வராவிடின், ஒரு கம்பியால் குத்திச் சேற்றை அகற்றவேண்டும்.

சுத்தமான பின்பு, வடித்த நீரும் துருத் தடுப்பு மருந்தும் கலந்த குளிராக்கும் திரவத்தையே நிரப்புதல் நன்று. பனிக்கட்டி உறையாத நாட்டில் அது எதற்கு என்று கேட்பாருண்டு. அரிப்பைத் தடுப்பதும் கொதிநிலையைச் சிறிது உயர்த்துவதுமே இங்கு அதன் பயன். பித்தளையும் ஈயப் பற்றும் கொண்ட பழைய வண்டிகளுக்கு உகந்தது எது என்று கேட்டு வாங்கவேண்டும். இத்திரவங்கள் பலவற்றில் உள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்பும் நஞ்சும் உடையது. குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் அதனை வைத்தல் கடமை.

மொறிஸ் மைனரில் வெப்பமானி இயல்பாகப் பொருத்தப்படவில்லை. அதனைப் பின்னர் பொருத்திக்கொள்வது நல்லதாயினும், ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். நீர் முற்றாக வற்றினால் வெப்பமானியின் முனை நீரிலிருந்து விலகி நிற்கும். அப்பொழுது முள் திடீரென இறங்குவதும் உண்டு. வண்டி குளிர்ந்துவிட்டது என்று மகிழ்ந்து ஓட்டுபவர் எஞ்சினை இழப்பார்.

இறம்பொடையில் மூடியின்மேல் கை வைத்த சாரதி அக்கையை எடுக்கவேண்டும். எஞ்சினை நிறுத்தி, பொனற்றை அவதானமாகத் திறந்துவிட்டு, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருத்தல் வேண்டும். மேற்குழாயைத் தொட்டால் கை பொறுக்கும் நிலை வந்ததும், தடித்த துணியால் மூடியை முதற் படி மட்டும் திருப்பி, மிஞ்சிய ஆவி போன பின்னரே கழற்றலாம். பின்பு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, நீரைச் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும். அவசரத்துக்குப் பீலி நீரும் உதவும். ஆனால் அது ஊர் திரும்பும் வரைக்கான முதலுதவியே. ஊர் சேர்ந்ததும் றேடியேற்றரைக் கழற்றிப் பார்க்கவேண்டும்.

காத்திருக்கும் அந்த அரை மணி நேரம் வீணாகாது. பிள்ளைகள் இறம்பொடை நீர்வீழ்ச்சியைக் கண்குளிரப் பார்க்கலாம். பாட்டனாரின் வண்டியும் வெடிப்பின்றி அவர்களை வீடு சேர்க்கும்.