16 மணி நேரம் பட்டினி கிடந்தால் எத்தனை கிலோ குறையும்?

‘விரதம் இருந்தே 30 நாளில் 10 கிலோ குறைத்தேன்’ என்கிற வகைக் காணொளிகளுக்கு யூடியூபில் பஞ்சமே இல்லை. காலை டிபனை விட்டுவிட்டு, மதியம் 12 மணிக்குத் தொடங்கி இரவு 8 மணிக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் ‘இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்’ இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிறது. தமிழில் இடைவெளி விரதம் என்கிறார்கள். இதைத் தொடங்கும் பலரின் மனதில் அந்தப் பத்துக் கிலோதான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. பத்துக் கிலோவுக்கு 77,000. முப்பது நாளில் இதைக் கரைக்க வேண்டுமென்றால் தினமும் 2,500 கலோரிக்கு மேல் துண்டு விழ வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுப்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் 65 கிலோ ஆணுக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவைப்படுவதே 2,110 கலோரிதான். 55 கிலோ பெண்ணுக்கு 1,660. மாதம் முழுக்க வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடந்தாலும் கணக்கு உதைக்கிறது.

அப்படியானால் எவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்? இதுவரை வந்த நல்ல ஆய்வுகளைப் பார்க்கும்போது, மூன்று மாதத்தில் ஒன்று முதல் மூன்று கிலோ. ஓராண்டு விடாமல் கடைப்பிடித்தால் உடல் எடையில் ஐந்து சதவீதத்தை ஒட்டி. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது நான்கு கிலோ. இதைத் தாண்டிக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சமும் குறையாதவர்களும் இருக்கிறார்கள்.

சிகாகோ, சான்பிரான்சிஸ்கோ, குவாங்சோ

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டா வரடி என்ற ஊட்டச்சத்துப் பேராசிரியர் பல ஆண்டுகளாக இதையே ஆராய்ந்து வருகிறார். அவருடைய குழு 2018-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், உடல் பருமன் உள்ள 23 பேரைக் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். அவர்கள் தம்மையறியாமலே நாளுக்குச் சுமார் 350 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். பன்னிரண்டு வாரத்தில் எடை 2.6 சதவீதம் குறைந்தது. 80 கிலோக்காரருக்கு இரண்டு கிலோ.

அடுத்து வந்தது சான்பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு. 2020-இல் வெளியான இதில் 116 பேர் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்கு மதியம் 12 முதல் இரவு 8 வரை மட்டுமே சாப்பாடு. மீதிப் பேருக்கு வழக்கம்போல் மூன்று வேளை. பன்னிரண்டு வாரம் கழித்து, விரதம் இருந்தவர்கள் சராசரியாக 0.94 கிலோ குறைந்திருந்தார்கள். மூன்று வேளையும் சாப்பிட்டவர்கள் 0.68 கிலோ. இரண்டுக்கும் இடையே பெயர் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆய்வை நடத்திய இதயநோய் மருத்துவர் ஈத்தன் வைஸ் தானே அதுவரை இந்த முறையைப் பின்பற்றி வந்தவர். முடிவைப் பார்த்ததும் கைவிட்டுவிட்டார்.

இன்னும் தெளிவான விடை சீனாவின் குவாங்சோ நகரத்திலிருந்து 2022-இல் வந்தது. பருமனான 139 பேரும் கலோரியைக் குறைத்தே சாப்பிட்டார்கள்: ஆண்களுக்கு 1,500 முதல் 1,800, பெண்களுக்கு 1,200 முதல் 1,500. அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடுதலாக ஒரு நிபந்தனை: காலை 8 மணிக்கு மேல், மாலை 4 மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். ஓராண்டு முடிவில் நேரக் கட்டுப்பாடு இருந்தவர்கள் 8 கிலோவும், இல்லாதவர்கள் 6.3 கிலோவும் குறைந்தார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுக்குள்தான் இருந்தது. எடையைக் குறைத்தது குறைந்த சாப்பாடுதான். கடிகாரத்தின் பங்கு இருந்தாலும் கொஞ்சம்தான்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏறக்குறைய பட்டினி கிடக்கும் முறையையும் வரடி குழு ஓராண்டு சோதித்தது. அந்த முறையில் 6 சதவீதம், தினமும் அளவாகச் சாப்பிட்டவர்களுக்கு 5.3 சதவீதம் எடை குறைந்ததாக 2017-இல் வந்த முடிவு சொன்னது. என் கண்ணில் பட்டது வேறொரு எண். விரதக் குழுவில் 38 சதவீதம் பேர் பாதியிலேயே விலகிவிட்டார்கள். அளவுச் சாப்பாட்டுக் குழுவில் விலகியவர்கள் 29 சதவீதம். கடுமையான முறை கூடுதலாகக் கொடுத்தது எதுவுமில்லை, ஆட்களைத்தான் விரட்டியது.

விரதம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கலோரி எண்ணத் தெரியாத, எண்ணப் பொறுமையில்லாத ஒருவருக்கு ‘எட்டு மணிக்கு மேல் வாயைத் திறக்காதே’ என்பது எளிதாகப் பிடிபடும் விதி. அதனால் அவர் 300 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் பலன் உண்டு. அந்த 300 குறையவில்லை என்றால் பதினாறு மணி நேரம் என்ன, பதினெட்டு மணி நேரம் காத்தும் பயனில்லை.

முதல் வாரத்து மகிழ்ச்சி

தொடங்கிய ஏழெட்டு நாளிலேயே எடை மெஷின் ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ இறங்கிக் காட்டும். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் ஏறுவது இந்த எண்தான். இதில் கொழுப்பின் பங்கு மிகக் கொஞ்சம்.

நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் இந்தச் சேமிப்பு கரைகிறது; கூடவே தண்ணீரும் சிறுநீராக வெளியேறுகிறது. உப்பு குறைவாக உள்ளே போவதாலும் நீர் இறங்கும். குடலில் தங்கியிருக்கும் உணவின் எடையும் குறையும். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் மறுநாள் காலை அத்தனையும் திரும்பி வந்து நிற்கும். அன்று ஏறியதும் கொழுப்பல்ல, முன்பு இறங்கியதும் கொழுப்பல்ல. ஆகவே முதல் இரண்டு வாரத்து எண்ணை வைத்துக்கொண்டு ‘மாதத்துக்கு நாலு கிலோ’ என்று பெருக்கிப் பார்க்காதீர்கள்.

நான்காவது வாரத்திலிருந்து உண்மையான வேகம் தெரியும். வாரத்துக்குக் கால் கிலோ இறங்கினால் அது நல்ல வேகம். அதுவும் அப்படியே நீடிக்காது. 7,700 கலோரிக் கணக்கு தொடக்கத்துக்குத்தான் பொருந்தும்; உடல் மெலிய மெலிய அதன் தேவையும் சுருங்குவதால் அதே சாப்பாட்டில் குறையும் வேகம் மட்டுப்படும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய கெவின் ஹால், 2011-இல் ‘லான்செட்’ இதழில் இதற்கொரு தோராய விதியைத் தந்தார். அதன்படி தினமும் 240 கலோரியை நிரந்தரமாகக் குறைத்துக்கொண்டால் எடை கடைசியில் பத்துக் கிலோ குறையும். ஆனால் அதில் பாதி குறையவே ஓராண்டு ஆகும். ஏறக்குறைய முழுவதும் குறைய மூன்றாண்டு. பழைய கணக்கோ முதல் ஆண்டிலேயே பதினோரு கிலோ என்று ஆசை காட்டும்.

ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது?

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேரி ஃபாஸ்டரும் உடன் பணியாற்றியவர்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை, எடை குறைக்கத் தொடங்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சராசரியாக 99 கிலோ எடையிருந்த 60 பெண்களிடம், சிகிச்சை தொடங்குமுன் கேட்டார்கள்: உங்கள் கனவு எடை எது, மகிழ்ச்சி தரும் எடை எது, பரவாயில்லை என்று ஏற்கக்கூடியது எது, ஏமாற்றம் தருவது எது? அவர்கள் இலக்காகச் சொன்னது, இருக்கும் எடையில் 32 சதவீதத்தைக் குறைப்பது. 25 கிலோ குறைந்தால் ‘பரவாயில்லை’. 17 கிலோ மட்டுமே குறைந்தால் ‘ஏமாற்றம்’.

48 வாரம் கழித்து அவர்கள் குறைத்தது சராசரியாக 16 கிலோ. எந்த மருத்துவரும் வியந்து பாராட்டும் எண் அது. ஆனால் அவர்களில் 47 சதவீதம் பேர், தாங்களே ‘ஏமாற்றம்’ என்று குறித்த எடையைக்கூட எட்டவில்லை. உடல் நன்றாகத்தான் ஒத்துழைத்தது; அளவுகோல்தான் தவறு. விரதத்தைப் பாதியில் விடுபவர்கள் பலருக்கும் பசி தாங்க முடியாமல் போவதைவிட இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எட்டு மணி நேரத்துக்குள் என்ன இருக்கிறது?

பட்டினி தமிழருக்குப் புதிதல்ல. ஏகாதசி, கந்த சஷ்டி, ரமலான் நோன்பு என்று எல்லாச் சமயத்தவரும் இருந்து வருகிறார்கள். இறைவனுக்காக இருப்பதை எடைக்கணக்கில் அளப்பது முறையல்ல என்றாலும், ரமலான் பற்றிய ஆய்வுகளில் நமக்கொரு பாடம் இருக்கிறது. மாதம் முழுக்கப் பகலில் தண்ணீர்கூட அருந்தாத நோன்பில் எடை குறைவது சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அதிலும் பெரும்பகுதி சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. இந்து வீடுகளில் கிருத்திகை, அமாவாசை இரவுகளில் சோறு கூடாது என்று தோசையும் அடையும் சாப்பிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பலகார இரவில் யாரும் இளைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

இன்றைய விரதத்திலும் இதுதான் நடக்கிறது. காலையில் நான்கு இட்லியை மிச்சப்படுத்திவிட்டு, ‘காலையில்தான் சாப்பிடலையே’ என்று மதியம் இன்னொரு கரண்டி சோறு, நாலு மணிக்கு பஜ்ஜியும் காபியும், ஏழரை மணிக்கு ‘இனிமேல் சாப்பிட முடியாதே’ என்று ஒரு பரோட்டா கூடுதல். பாலும் சர்க்கரையும் கலந்த காலைக் காபியை விரதக் கணக்கில் சேர்க்காதவர்கள் அநேகம். ஐ.சி.எம்.ஆர். நாடு முழுவதும் நடத்திய ஆய்வுப்படி இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டாலும் தட்டில் சோற்றைக் குறைத்துப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கீரையைக் கூட்டாமல் பெரிய மாற்றம் வராது.

புரதம் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். சான்பிரான்சிஸ்கோ ஆய்வில் நேரில் பரிசோதிக்கப்பட்ட விரதக்காரர்கள் இழந்த எடையில் சுமார் 65 சதவீதம் தசை உள்ளிட்ட கொழுப்பற்ற பகுதி. எடை குறைந்து தசையும் போய்விட்டால் லாபம் என்று சொல்ல முடியாது. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது பளு தூக்கும் பயிற்சியோ தண்டால், உட்கார்ந்து எழுதலோ செய்ய வேண்டும். நடை மட்டும் போதாது.

‘ஆட்டோஃபேஜி’ பற்றியும் ஒரு வார்த்தை. பட்டினியால் செல்கள் தம் கழிவைத் தாமே தின்று உடலைப் புதுப்பிக்கின்றன, இதற்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது என்று காணொளிகள் சொல்கின்றன. 2016-இல் ஜப்பானிய அறிவியலாளர் யோஷினோரி ஓசுமிக்குப் பரிசு கிடைத்தது உண்மை. அவர் ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களை. நம் தொப்பையை அல்ல.

மெஷின் காட்டாதது

புனே மருத்துவர் சி.எஸ். யாக்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவரின் உடல் நிறை எண்ணும் ஒன்றே: 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தோடு இதை வெளியிட்டார்கள். ஒல்லியாகத் தெரியும் இந்தியரின் வயிற்றிலும் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதால், நமக்கு எடை மெஷினைவிட டெய்லர் டேப் நம்பகமானது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் ஆபத்து. மாதம் ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை விஷயத்தில் எடையை மட்டும் நம்பத் தேவையில்லை என்பதற்குச் சென்னையிலிருந்தே சான்று இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் இரண்டரை ஆண்டு கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டது. உணவையும் உடற்பயிற்சியையும் சீராக்கிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடையோ குறிப்பிடும்படி குறையவே இல்லை.

யார் தொடங்கக் கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், ஏற்கெனவே எடை குறைவானவர்கள், உணவுக் கோளாறு இருந்தவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் வழக்கமான டோஸோடு காலை உணவை விட்டால் சர்க்கரை அளவு சரிந்து மயக்கம் வரலாம். டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு நீண்ட பட்டினி சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். விரதத்தைத் தொடங்கும் முன்பே உங்கள் மருத்துவரிடம் சொல்லி, எந்த மாத்திரையை எந்த நேரத்தில் எவ்வளவு போட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.